பெக்டன் எரிவாயு ஆலை: அணையக் கூடாத உலையும் அதைக் காத்தவர்களும்

இன்று நாம் "கேஸ்" என்று சொன்னால் சமையலறையில் இருக்கும் சிலிண்டர்தான் நினைவுக்கு வரும். அதில் அடைத்திருப்பது புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றை அழுத்தித் திரவமாக்கிய எரிபொருள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் லண்டன் நகரத்தார் அதே சொல்லால் குறித்த பொருளோ முற்றிலும் வேறானது. நிலத்தைத் துளைத்து எடுத்த வாயு அல்ல அது. நிலக்கரியை மூடிய கலத்தில் இட்டு வாட்டி, மனிதர்கள் நாள்தோறும் தங்கள் கையால் தயாரித்த வாயு. அதைத் தயாரித்த இடமே எரிவாயு ஆலை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் பெரிய நகரங்கள் பெரும்பாலும் இத்தகைய ஆலையைக் கொண்டிருந்தன. அவற்றுள் மிகப் பெரியது என்று பெயர் பெற்றது, லண்டனின் கிழக்குப் புறத்தில் தேம்ஸ் ஆற்றின் வடகரையில் 1870இல் இயங்கத் தொடங்கிய பெக்டன் ஆலை. எரிவாயு ஆலை என்பது என்ன, அது எப்படி இயங்கியது, அதில் உழைத்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பவற்றை அந்த ஒரே ஆலையை முன்வைத்து இங்கே விளக்குகிறேன். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்: அந்த ஆலையின் உலைகள் ஒருபோதும் அணையக் கூடாதவை. தொழிலாளர் பட்ட துன்பம், பின்னாளில் அவர்கள் பெற்ற வெற்றி, அவர்களைக் கட்டுப்படுத்தவென்றே எழுதப்பட்ட சட்டப்பிரிவு ஆகிய மூன்றுக்கும் வேர் அதுதான்.

நிலக்கரி வாயுவாகும் விதம்

நிலக்கரியைத் திறந்த வெளியில் கொளுத்தினால் அது எரிந்து சாம்பலாகிவிடும். காற்றுப் புகாத கலத்தில் அடைத்து வெளியிலிருந்து சூடேற்றினால், எரிவதற்கு வழியில்லாமல் அது உள்ளுக்குள்ளேயே சிதையும். விறகை அடுக்கி மண் பூசி மூட்டம் போட்டுக் கரி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மூட்டத்தில் புகையாக வெளியேறி வீணாவதை எரிவாயு ஆலையில் குழாய் வைத்துப் பிடித்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கலத்தில் எஞ்சுவது கோக் எனப்படும் கல்கரி. நல்ல நிலக்கரி ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 10,000 கன அடி வாயுவைத் தரும்; எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் கோக் மிஞ்சும்; அவற்றோடு தாரும் அமோனியா கலந்த நீரும் கிடைக்கும்.

நிலக்கரியை வாட்டும் அந்தக் கலத்தின் பெயர் ரிடார்ட், நம் மொழியில் வாலை. சூட்டைத் தாங்கும் தீக்களிமண்ணால் செய்த நீளமான குழல் அது. பல வாலைகளைப் படுக்கை வசமாக வரிசையாகவும் அடுக்காகவும் செங்கல் கட்டடத்துக்குள் பதித்து, அடியில் கோக்கை எரித்து, ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸ் அளவுக்கு அவற்றைச் செந்தணலாக வைத்திருப்பார்கள். வாலையிலிருந்து கிளம்பும் வாயு பழுப்பு நிறத்தில், தாரும் கந்தகமும் கலந்து, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு இருக்கும். அதைக் குழாய்களில் செலுத்திக் குளிரவைத்தால் தார் பிரியும். நீரைத் தெளிக்கும் கோபுரங்களின் வழியே விட்டால் அமோனியா கரையும். தொடக்க காலத்தில் சுண்ணாம்பும் பின்னர் இரும்பு ஆக்சைடும் பரப்பிய பெட்டிகளின் ஊடே செலுத்தினால் கந்தகச் சேர்மங்கள் நீங்கும். இறுதியில் அது நீரில் கவிழ்த்து வைத்த மாபெரும் இரும்புத் தொட்டிக்குள் போய்ச் சேரும். வாயு நிறைய நிறையத் தொட்டி மேலெழும். நகரம் அதைச் செலவழிக்கச் செலவழிக்கத் தாழும். மாலையில் விளக்கேற்றும் நேரத்தில் அந்தத் தொட்டிகள் மெல்ல இறங்குவதை அக்கம்பக்கத்தார் வெறும் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

இப்படிக் கிடைத்த வாயுவில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜன். எஞ்சியதில் பெரும்பங்கு மீத்தேன். கார்பன் மோனாக்சைடும் கணிசமாக உண்டு. கடைசியாகச் சொன்னது உயிரைக் கொல்லும் நச்சு. எனவே இந்த வாயு கசிந்தால் தீப்பிடிக்கும் என்ற அச்சத்தோடு, மூடிய அறையில் மூச்சு நின்றுவிடும் என்ற அச்சமும் இருந்தது.

நகருக்கு வெளியே ஒரு பேராலை

வில்லியம் மர்டாக் என்ற பொறியாளர் 1792இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ரெட்ருத் என்ற ஊரில் தம் வீட்டை நிலக்கரி வாயுவால் ஒளியேற்றினார். ஜெர்மனியிலிருந்து வந்த பிரெடெரிக் ஆல்பர்ட் வின்சர் 1807இல் லண்டனின் பால் மால் தெருவில் வாயு விளக்குகளை ஏற்றிக் காட்டினார். மர்டாக் ஒரு கட்டடத்துக்குள் ஓர் உலை என்று நினைத்தார். வின்சரோ ஊருக்கு ஓர் ஆலை, அங்கிருந்து வீடுதோறும் குழாய் என்று நினைத்தார். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் இன்று நாம் பழகியிருக்கும் இந்த ஏற்பாட்டை வாயுவுக்கு முதலில் கனவு கண்டவர் வின்சர் என்பதால், இந்த வரலாற்றில் அவருக்கு உரிய இடம் பெரியது. அவருடைய முயற்சியில் 1812இல் அரச சாசனம் பெற்று கேஸ் லைட் அண்ட் கோக் கம்பெனி தோன்றியது. 1813 டிசம்பர் 31ஆம் நாள் இரவு வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் வாயு விளக்குகள் எரிந்தன.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் போட்டி நிறுவனங்கள் பெருகின. ஒரே தெருவில் இரண்டு மூன்று நிறுவனங்களின் குழாய்கள் ஓடின. ஆலைகள் மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளிலேயே இருந்தன. அவற்றின் நாற்றம் வீடுகளுக்குள் புகுந்தது, கழிவு ஆற்றில் கலந்தது. 1865இல் நைன் எல்ம்ஸ் என்ற இடத்தில் ஒரு வாயுத் தொட்டி வெடித்துப் பலர் உயிரிழந்தபோது எதிர்ப்பு மேலும் வலுத்தது. நகரத்துக்குள் இருந்த சிறு ஆலைகளை மூடிவிட்டு, நகரத்துக்கு வெளியே ஒரே பேராலையைக் கட்டுவது என்று கம்பெனி முடிவு செய்தது. கிழக்கு ஹாம் பகுதியின் ஆற்றோரச் சதுப்பு நிலம் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1868இல் பணி தொடங்கி, 1870 நவம்பரில் முதல் வாயு நகருக்குப் போனது. கம்பெனியின் தலைவராக இருந்த சைமன் ஆடம்ஸ் பெக் என்பவரின் பெயரால் அந்த இடம் பெக்டன் ஆயிற்று. ஒரு ஊரின் பெயரே ஓர் ஆலையால் பிறந்தது.

இடத்தேர்வின் காரணம் ஆறுதான். வடகிழக்கு இங்கிலாந்தின் நியூகாஸில், டர்ஹாம் பகுதிச் சுரங்கங்களின் நிலக்கரி கடல்வழியே கப்பலில் வந்து தேம்ஸுக்குள் நுழையும். பெரிய கப்பல்கள் நேராக ஆலையின் துறைமேடைக்கே வந்துவிட்டால், நகருக்குள் படகில் மாற்றி ஏற்றிச் செல்லும் செலவு இல்லை. பெக்டனின் துறைமேடையில் நீரழுத்தத்தால் இயங்கும் பாரந்தூக்கிகள் கப்பலிலிருந்து நிலக்கரியை அள்ளின. உயர்ந்த மேம்பாலத் தண்டவாளங்களில் சிறு இரயில் வண்டிகள் அதை வாலைக் கூடங்களின் உள்ளே வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆலைக்கெனத் தனி இரயில் பாதையும் இருந்தது. தொழிலாளர்கள் அதில்தான் வேலைக்கு வந்தார்கள். வளர்ந்த நிலையில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் நிலக்கரியை விழுங்கிய ஆலை அது. தயாரான வாயு பருத்த இரும்புக் குழாய்களில் மேற்கே பல மைல் பயணம் செய்து லண்டனின் தெருக்களுக்குப் போனது.

வாலைக் கூடத்தில் ஒரு நாள்

இயந்திரம் நிறைந்த ஆலை என்று இதுவரை சொன்னதைக் கேட்டால் தோன்றும். ஆனால் கப்பலுக்கும் குழாய்க்கும் நடுவே, வாலையின் வாய்க்கு முன்னால், வேலை முழுவதும் மனித உடலின் மேல்தான் விழுந்தது. அங்கே நின்று உழைத்தவர்களை ஸ்டோக்கர் என்று அழைத்தார்கள்.

ஒரு வாலையை நிரப்புவதை அருகிலிருந்து பார்ப்போம். முதலில் இரும்பு மூடியின் பிடியைத் தளர்த்த வேண்டும். சட்டென்று முழுவதும் திறந்தால் உள்ளே தேங்கிய வாயு காற்றோடு கலந்து வெடிக்கும் என்பதால், சிறிதளவு திறந்து, விளிம்பில் தீயைக் காட்டி வாயுவைப் பற்றவைத்து விடுவார்கள். "டப்" என்ற ஓசையோடு சுடர் வெளியே பாயும். பிறகு மூடியை நீக்கி, நீண்ட இரும்புக் கொக்கியை உள்ளே செலுத்தி, செக்கச்செவேலென்று கனலும் கோக்கை இழுத்துக் கீழே தள்ளுவார்கள். இழுப்பவரின் முகத்துக்கும் அந்தத் தணலுக்கும் இடையே சில அடி தூரமே இருக்கும். கீழே விழுந்த கோக்கின் மேல் தண்ணீர் ஊற்றியதும் கந்தக நெடியோடு நீராவி கூடம் முழுக்கப் பரவும். அது அடங்குவதற்குள் அடுத்த வேலை வந்துவிடும். நீளமான அரைக்குழாய் வடிவக் கரண்டி ஒன்றில் நிலக்கரியை நிரப்பி வைத்திருப்பார்கள். அதன் முன்பாகத்தை இருவர் ஒரு கம்பியில் தாங்கித் தூக்க, பின்னால் கைப்பிடியில் நிற்பவர் அதை வாலைக்குள் முழுவதுமாகத் தள்ளி, ஒரே சுழற்றில் கவிழ்த்து, நிலக்கரியை அடியில் சீராகப் படுக்கவைத்துவிட்டு வெளியே இழுப்பார். மூவரின் மூச்சும் அடியும் ஒத்துப்போகாவிட்டால் கரண்டி வாலையின் வாயில் முட்டும், கரி சிந்தும், தாமதமாகும் ஒவ்வொரு நொடியும் வாயு வீணாகும். நிரப்பியதும் மூடியின் விளிம்பில் சுண்ணாம்புச் சாந்து பூசி அடைத்துவிட்டு அடுத்த வாலைக்கு நகர வேண்டும். சில மணி நேரத்தில் முதல் வாலை மீண்டும் திறப்பதற்குத் தயாராகிவிடும்.

முகத்துக்கு நேரே உலை, முதுகில் தேம்ஸ் ஆற்றின் குளிர்காற்று என்றுதான் அவர்கள் வேலை செய்தார்கள். வியர்த்து உலர்ந்த உடலுக்கு, ஓட்ஸ் மாவு கரைத்த தண்ணீரைக் குடித்துத் தெம்பேற்றிக்கொள்வது ஸ்டோக்கர்களின் வழக்கம். வெயிலில் உழைப்பவர்கள் நம்மூரில் நீராகாரம் குடிப்பதற்கு நிகரானது என்று அதைச் சொல்லலாம்.

இங்கேதான் முதலில் சொன்ன செய்திக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. தீக்களிமண் வாலை ஒருமுறை குளிர்ந்தால் வெடிப்பு விட்டுவிடும். எனவே உலையை அணைக்க இயலாது. வாயுவைப் பெருமளவில் சேர்த்து வைக்கவும் முடியாது. தொட்டிகள் அனைத்தும் நிரம்பியிருந்தாலும் நகரத்துக்கு நெடுநாள் தாங்காது. ஆகவே இரவும் பகலும், ஞாயிறும் கிறிஸ்துமஸும், ஆலை ஓடியே தீர வேண்டும். கம்பெனிகள் இதற்குக் கண்ட வழி, நாளை 12 மணி நேரமாக இரண்டாகப் பிரித்து, இரண்டு குழுக்களை வைத்து ஓட்டுவது. பகல் குழு இரவுக்கும் இரவுக் குழு பகலுக்கும் மாற வேண்டிய ஞாயிற்றுக்கிழமையில், அந்த மாற்றத்தைச் சரிக்கட்ட ஒரு குழு தொடர்ச்சியாக 18 மணி நேரம் உலையின் முன் நிற்க வேண்டியிருந்தது. ஒரு மனிதனால் அது எப்படி முடிந்தது என்று இன்று எண்ணிப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

வேலை நிரந்தரமும் அல்ல. விளக்குக்குத்தான் வாயு என்றிருந்த காலத்தில், இரவு நீண்ட குளிர்காலத்தில் ஆட்கள் நிறையத் தேவைப்பட்டார்கள். இரவு குறுகிய கோடையில் பலர் நிறுத்தப்பட்டார்கள். நிறுத்தப்பட்டவர்கள் செங்கற் சூளைகளைத் தேடிப் போனார்கள். கோடையில் செங்கல், குளிர்காலத்தில் வாயு என்பதே பல குடும்பங்களின் ஆண்டுச் சுழற்சியாக இருந்தது.

சிறை கண்ட வேலைநிறுத்தம்

ஆலை நின்றால் நகரம் இருளும் என்பது முதலாளிகளுக்குத் தெரிந்தது போலவே தொழிலாளர்களுக்கும் தெரியும். 1872இல் லண்டன் ஸ்டோக்கர்கள் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். ஃபுல்ஹாம் ஆலையில் சங்க வேலை செய்த ஒருவரை நிறுவனம் நீக்கியது. அவருக்காக அந்த ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் பெக்டன் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். லண்டனின் பல பகுதிகளில் தெருவிளக்குகள் மங்கின. நிறுவனம் வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து ஆலையை ஓட்டியது. ஒப்பந்தத்தை மீறியதாகப் பலர் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். முன்நின்றவர்களில் ஐவர் மீது சதிக் குற்றம் சாட்டப்பட்டு, ஒவ்வொருவருக்கும் 12 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வேலைநிறுத்தம் செய்வது அந்நாட்டில் சட்டப்படி குற்றமல்ல என்றாகிவிட்டிருந்த காலம் அது. வேலையை நிறுத்துவதாகச் சேர்ந்து மிரட்டியதே சதி என்று நீதிபதி கொண்டார். நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் தண்டனை பின்னர் நான்கு மாதமாகக் குறைக்கப்பட்டது.

அந்தக் கோபத்தின் விளைவாக 1875இல் புதிய சட்டம் வந்தது. தொழில் தகராறு தொடர்பாகச் சேர்ந்து செயல்படுவதை, தனியொருவர் செய்தால் குற்றமாகாத செயலாயின், சதி என்று தண்டிக்க முடியாது என்று அது சொன்னது. பிரிட்டிஷ் தொழிலாளர் வரலாற்றில் இது ஒரு பெரும் பேறு. ஆனால் அதே சட்டத்தின் நான்காம் பிரிவு எரிவாயு, குடிநீர்த் தொழிலாளர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கை எழுதி வைத்தது: தாங்கள் வேலையை விட்டால் மக்களுக்கு வாயுவோ நீரோ கிடைக்காது என்று தெரிந்தே ஒப்பந்தத்தை மீறுபவர் குற்றவாளி. சிறை சென்று மற்றவர்களுக்கு உரிமை பெற்றுத் தந்தவர்களையே அந்த உரிமையின் வாசலில் நிறுத்திவிட்டது அந்தப் பிரிவு. இது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன். இன்றியமையாப் பணி என்ற பெயரில் இன்றும் பல நாடுகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் சட்டங்களின் தொடக்ககால வடிவங்களுள் இதுவும் ஒன்று.

வாளிகளில் நிரம்பிய சில்லறை

1872இன் தோல்விக்குப் பிறகு பதினேழு ஆண்டுகள் ஸ்டோக்கர்களுக்கு நிலையான சங்கம் அமையவில்லை. அதை மாற்றியவர் வில் தோர்ன். 1857இல் பர்மிங்ஹாமில் பிறந்த அவர் ஆறு வயதிலேயே கயிறு திரிக்கும் இடத்தில் சக்கரம் சுற்றும் வேலைக்குப் போனவர். செங்கற் சூளையிலும் எரிவாயு ஆலையிலும் உழைத்தவர். வேலை தேடி லண்டனுக்கு நடந்தே வந்து, பின்னர் பெக்டனில் ஸ்டோக்கராகச் சேர்ந்தவர். எழுதப் படிக்கச் சரிவரத் தெரியாதவர். கார்ல் மார்க்ஸின் மகள் எலினார் மார்க்ஸ் அவருக்கு எழுத்துப் பயிற்சி தந்தார், சங்கக் கணக்குகளிலும் உதவினார்.

அப்போது பெக்டனில் நிலக்கரியை வாலைக்குள் தள்ளவும் கோக்கை இழுக்கவும் "இரும்பு மனிதன்" என்று தொழிலாளர் பெயரிட்ட இயந்திரம் வந்திருந்தது. வேலையை எளிதாக்க வேண்டிய இயந்திரம் வேலையை ஏற்றிவிட்டது. ஓர் ஆள் பார்த்துக்கொள்ள வேண்டிய வாலைகளின் எண்ணிக்கை கூடியது. அதோடு 18 மணி நேர ஞாயிறும் சேர்ந்து பொறுமையை உடைத்தது. 1889 மார்ச் 31, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிழக்கு லண்டனின் கேனிங் டவுனில் கூட்டம் கூடியது. தோர்ன் முன்வைத்த கோரிக்கை ஒன்றே: எட்டு மணி நேர வேலை. அந்தக் காலையில் மட்டும் ஏறத்தாழ 800 பேர் சங்கத்தில் சேர்ந்தார்கள். நுழைவுக் கட்டணமாகக் கொடுத்த சில்லறையைப் போட்டு வைக்க இடமில்லாமல், அக்கம்பக்கத்தில் சுத்தமான வாளிகளை இரவல் வாங்கி அவற்றில் நிரப்பினார்கள் என்று தோர்ன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அணைக்க முடியாத உலையோடு வாழ்நாளெல்லாம் போராடியவர்களின் செப்புக் காசுகள் வாளியில் விழும் ஓசையை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

சங்கத்தின் பெயர் எரிவாயுத் தொழிலாளர் மற்றும் பொதுத் தொழிலாளர் தேசியச் சங்கம். பெயரின் பின்பாதியைக் கவனிக்க வேண்டும். அதுவரை பிரிட்டனில் சங்கம் என்பது பெரும்பாலும் கைத்திறன் கற்ற தொழிலாளர்களுடையது. கரி அள்ளுபவருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் அங்கே இடம் அரிது. இந்தச் சங்கமோ எந்த வேலை செய்பவருக்கும் கதவைத் திறந்தது. எலினார் மார்க்ஸின் முயற்சியால் சில்வர்டவுனில் பெண்கள் கிளையும் தொடங்கியது. பொதுச் செயலாளர் தேர்தலில் துறைமுகத் தொழிலாளர் தலைவரான பென் டில்லெட்டை எதிர்த்து நின்ற தோர்ன் 2,296 வாக்குகள் பெற்றார், டில்லெட்டுக்கு 69.

சில மாதங்களிலேயே, வேலைநிறுத்தம் இல்லாமலேயே, லண்டனின் எரிவாயு நிறுவனங்கள் இணங்கின. 12 மணி நேரக் குழுக்கள் இரண்டு இருந்த இடத்தில் 8 மணி நேரக் குழுக்கள் மூன்று வந்தன. அதனால் புதியவர்களுக்கும் வேலை கிடைத்தது. உலை அணையக் கூடாதது என்பது இதுவரை தொழிலாளரைக் கட்டிப்போட்ட கயிறு. ஒற்றுமையாக நின்றபோது அதே கயிறு முதலாளிகளின் கையைக் கட்டியது. 1872இல் தோற்றது 1889இல் வென்றதற்குக் காரணம், இம்முறை வெளியாட்களைக் கொண்டுவந்தால் அவர்களும் சேரக்கூடிய சங்கமாக இது இருந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டன் துறைமுகத் தொழிலாளர்களின் புகழ்பெற்ற வேலைநிறுத்தம் வெடித்தது. அதற்குத் துணிவு தந்ததில் ஸ்டோக்கர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

எல்லா இடத்திலும் வெற்றி நிலைக்கவில்லை. தேம்ஸின் தென்கரையில் சவுத் மெட்ரோபாலிட்டன் நிறுவனத்தை நடத்திய ஜார்ஜ் லிவ்ஸி, லாபத்தில் பங்கு தருவதாகச் சொல்லி, சங்கத்தின் பிடியைத் தளர்த்தும் திட்டத்தைக் கொண்டுவந்தார். அதை எதிர்த்து 1889 டிசம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் 1890 பிப்ரவரியில் தோல்வியில் முடிந்தது. ஆயினும் பெக்டனில் பிறந்த சங்கம் வளர்ந்தது. வேறு சங்கங்களோடு இணைந்து, இன்று ஜிஎம்பி என்ற பெயரில் பிரிட்டனின் பெரிய சங்கங்களுள் ஒன்றாக இருக்கிறது. தோர்ன் 1906இல் நாடாளுமன்ற உறுப்பினராகி 1945 வரை அந்தப் பணியில் இருந்தார்.

விளக்கிலிருந்து அடுப்புக்கு

1880களில் மின்விளக்கு வந்ததும் வாயுவின் காலம் முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். அதைக் காப்பாற்றியது ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக் உருவாக்கிய மேன்டில். பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டும் அந்த வலைப்பை நம்மில் பலருக்கும் தெரிந்ததே. தோரியம் ஆக்சைடோடு சிறிதளவு சீரியம் ஆக்சைடு சேர்த்துச் செய்த அந்த வலை, அதே வாயுவிலிருந்து பன்மடங்கு வெண்ணொளியைத் தந்தது.

அந்தத் தோரியம் நம் கரையோடு தொடர்புடையது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் தாதுவைக் கண்டார் என்பர். தேடி வந்த அவர் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணலைப் பிரித்தெடுக்கும் ஆலையை நிறுவினார். ஐரோப்பிய நகரங்களின் வாயு விளக்குகளுக்கான மேன்டில்களுக்குக் குமரிக் கரையின் மணல் போயிற்று. எங்கோ எரிந்த விளக்குக்கு இங்கே மணல் அள்ளியவர்களும் அந்த உலகத்தின் தொழிலாளர்களே.

மற்றொரு பக்கம், காசு போட்டால் அந்தக் காசுக்குரிய வாயு வரும் மீட்டர்கள் 1890களில் பரவின. மொத்தமாகக் கட்டணம் கட்ட முடியாத ஏழை வீடுகளுக்கும் வாயு அடுப்பு வந்தது. வாயு விளக்கிலிருந்து அடுப்புக்கு மாறியபோது கோடையிலும் தேவை நிலைத்தது. ஸ்டோக்கரின் பருவ வேலை மெல்ல ஆண்டு முழுவதுக்குமான வேலையாயிற்று. அதே வேளையில், நிலக்கரி தன் எடையாலேயே மேலிருந்து இறங்கும் சாய்வு வாலைகளும் செங்குத்து வாலைகளும் வந்து, கரண்டி பிடிக்கும் கைகளின் தேவையைக் குறைத்துக்கொண்டே போயின.

தாரும் உடலும்

வாயுவைத் தவிர எஞ்சியவை தொடக்கத்தில் தொல்லையாகவே பார்க்கப்பட்டன. 1856இல் பதினெட்டு வயது வில்லியம் பெர்க்கின் தாரிலிருந்து பெறப்பட்ட பொருளைக் கொண்டு ஊதா நிறச் சாயத்தைத் தற்செயலாக உண்டாக்கிய பின், தார் செல்வமாக மாறியது. பெக்டனில் 1879இல் துணைப்பொருள் ஆலை ஒன்று தொடங்கியது. இரயில் கட்டைகளைக் காக்கும் கிரியோசோட், சாலைக்கும் கூரைக்குமான கீல், பென்சீன், நாப்தலின், உரமாகும் அமோனியம் சல்பேட் ஆகியவை அங்கிருந்து போயின. முதல் உலகப் போரின்போது எரிவாயு ஆலைகளில் பிரித்த டொலுவீன் வெடிமருந்துக்குப் பயன்பட்டது. ஆண்கள் போர்முனைக்குப் போனதால் ஆலை வேலைக்குப் பெண்கள் வந்தார்கள்.

அந்தத் தார்ப்புகையே தொழிலாளரின் நுரையீரலுக்குள்ளும் போனது. புகைக்கூண்டு துடைப்பவர்களிடம் புகைக்கரியால் புற்றுநோய் வருவதை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இலேயே கண்டிருந்தார். வாலைக் கூடத் தொழிலாளர் நிலையை முறையாக ஆராய மருத்துவ ஆய்வாளர் ரிச்சர்ட் டால் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1952இல் அவர் வெளியிட்ட ஆய்வும், பின்னர் தம் குழுவினரோடு செய்த ஆய்வுகளும், வாலைகளுக்கு அருகில் வேலை செய்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் கூடுதலாக இருப்பதைக் காட்டின. ஸ்டோக்கர்களின் பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்ட காலத்தில்தான் இந்த உண்மை எண்களாக வெளிவந்தது.

உலை அணைந்த பிறகு

1940 செப்டம்பர் 7 அன்று, லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் பெருந்தாக்குதலைத் தொடங்கிய முதல் நாளிலேயே, பெக்டன் ஆலையில் குண்டுகள் விழுந்தன. சிதைந்ததைச் செப்பனிட்டு ஆலையை மீண்டும் ஓடவைத்தார்கள். 1949 மே 1 முதல் பிரிட்டனின் எரிவாயுத் தொழில் அரசுடைமையாகி, பெக்டன் வட தேம்ஸ் எரிவாயு வாரியத்தின் கீழ் வந்தது. 1965இல் வடகடலின் அடியில் இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டது. கார்பன் மோனாக்சைடு இல்லாதது, ஒரே அளவுக்கு ஏறத்தாழ இரட்டிப்பு வெப்பம் தருவது, தயாரிக்க உலையே வேண்டாதது. ஆனால் பழைய அடுப்பில் அது சரியாக எரியாது. எனவே 1967 முதல் 1977 வரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குள் பணியாளர்கள் நேரில் சென்று, அடுப்பின் துளைகளை மாற்றி அமைத்தார்கள். 1960களின் இறுதியில் பெக்டனில் நிலக்கரியை வாட்டுவது நின்றது. துணைப்பொருள் ஆலை 1970இலும், எஞ்சிய பகுதி 1976இலும் மூடப்பட்டன.

சிதைந்த கட்டடங்கள் சில காலம் அப்படியே கிடந்தன. 1980களின் நடுவில் வியட்நாம் போரைப் பற்றிய திரைப்படம் ஒன்றுக்கு, பனை வகை மரங்களை நட்டு அவற்றைப் போர்க்களமாக்கினார்கள். பத்தாண்டுக் கணக்கில் கொட்டிய கழிவு ஒரு குன்றாக உயர்ந்திருந்தது. அதைப் "பெக்டன் ஆல்ப்ஸ்" என்று ஊரார் அழைத்தார்கள். 1989இல் அதன் மேல் செயற்கைப் பனிச்சறுக்குத் தளம் அமைந்தது. 2001இல் அதுவும் மூடப்பட்டது. மண்ணில் ஊறிய நச்சு காரணமாக ஆலை நிலத்தின் பெரும்பகுதியைத் தூய்மைப்படுத்திய பிறகே கடைகளும் வீடுகளும் எழுந்தன. கம்பெனி தன் பணியாளர்களுக்காகக் கட்டிய செங்கல் வீடுகளின் வரிசை ஒன்று இன்றும் நிற்கிறது. ஊருக்கு ஓர் ஆலை, வீட்டுக்கு ஒரு குழாய் என்று முதலில் நினைத்தவரின் பெயரில், அந்தத் தெரு வின்சர் டெரஸ் என்றே அழைக்கப்படுகிறது.